வடிவு விலகியது ஏன்?

ஜூன் 3, திங்கள்

இன்று வடிவு துபாயிலிருந்து திரும்பி வந்தாள். அதாவது, நான் மீண்டும் வேலைக்குப் போனேன்.

'அடுப்படி அரசாங்கம்' தொடரில் ஆறு வருஷமாக நான்தான் சின்ன மருமகள் வடிவு. போன வருஷம் எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் வடிவை ஒரே காட்சியில் துபாயில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். அங்கே அவளுக்கு இத்தனை மாதம் என்ன வேலை என்று ஒரு நேயர்கூடக் கேட்கவில்லை. இன்று ஒரு பெட்டியோடு வாசலில் நின்றேன். பெட்டி காலி. குடும்பமே ஓடிவந்து கட்டிக்கொண்டது.

வடிவுக்குக் குழந்தை கிடையாது, இருக்கவும் கூடாது. கையில் எதைக் கொடுத்தாலும் போட்டு உடைப்பவள், பால் காய்ச்சச் சொன்னால் பாத்திரத்தையே கருக்குகிறவள். இவளை நம்பி யாராவது ஒரு பிள்ளையைக் கொடுப்பார்களா என்பதுதான் ஆறு வருஷமாக ஓடும் ஜோக். அதில்தான் எங்கள் வீட்டு இஎம்ஐயும் ஓடுகிறது.

இயக்குநர் கஜபதி சார் மானிட்டரில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குழந்த பெத்த களை அப்படியே தெரியுதும்மா. கொஞ்சம் கொறச்சுக்க."

எதைக் குறைப்பது என்று தெரியாமல் தலையாட்டினேன்.

மாமனாராக நடிக்கும் ஏகாம்பரம் ஐயா மட்டும் மாறவே இல்லை. நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர். 'கட்' என்ற சொல் காதில் விழாதவரை நடிப்பை நிறுத்தமாட்டார். ஒருமுறை ஜெனரேட்டர் நின்று செட்டே இருண்டபோதும் வசனத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இடைவேளை கிடைத்தபோதெல்லாம் வீட்டுக்கு வீடியோ கால். ஆறு மாதக் குழந்தையை முதன்முறையாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கடைசி அழைப்பில் அத்தைக்கு, என் நிஜ மாமியாருக்கு, பொறுமை போய்விட்டது.

"நீ போன்ல மூஞ்சியக் காட்டக் காட்டத்தான் அவ தேடுறா சுபா. பேசாம நடிச்சுட்டு வா."

எம்.எஸ்ஸி. உளவியலில் குழந்தை வளர்ச்சித் தாளுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியது நான்தான். அத்தைக்கு மாமியார் வேடத்தின் வசனம்கூட மனப்பாடம். இதை மட்டும் நம்பமாட்டார்.

ஜூன் 5, புதன்

ஆதிரை இன்றும் புட்டியைத் தொடவில்லை. நான் எடுத்துவைத்துவிட்டுப் போன பாலை அத்தை செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டார். செடிக்கு நல்லதாம்.

ஜூன் 11, செவ்வாய்

கதைப்படி பெரிய மருமகள் ராசாத்திக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ராசாத்தியாக நடிப்பவர் வனமாலா அக்கா. அவருடைய சொந்த மகன் கோவையில் இன்ஜினியரிங் முடிக்கப் போகிறான். மேக்கப்பும் லைட்டும் சேர்ந்து அவரை நேற்றுப் பிரசவித்தவராகக் காட்டிவிட்டன. ஆனால் குழந்தையை லைட்டால் உண்டாக்க முடியவில்லை. ஏஜென்ட் அனுப்பிய குழந்தை விளக்கைப் பார்த்து வீறிட்டு அழுது, மதியத்துக்குள் காய்ச்சலும் வந்து, அதன் அம்மா யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

மேனேஜர் ரத்தினவேல் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ஒரு கொழந்த. இந்த மெட்ராஸ்ல ஒரே ஒரு கொழந்த கெடைக்க மாட்டேங்குது எனக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று போனில் ஆதிரையின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். போனின் வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். கை கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்திருக்கலாம்.

"யாரும்மா இது, உன் பாப்பாவா? சிரிச்ச மொகமா இருக்கே!"

"ஐயோ, அதெல்லாம் வேணாம்ணே" என்றேன். அவர் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

வீட்டில் பேசி முடிவாயிற்று. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. பேத்தி டிவியில் வரப்போகிறாள், அதுவும் ராசாத்தி மடியில். பெண் குழந்தை ஆண் பிள்ளையாக நடிப்பதில் மட்டும் சின்ன வருத்தம்.

"பட்டுப்பாவாடை கட்ட விடமாட்டாங்களா?"

"அவன் பேரு ராஜபாண்டி அத்தை."

"அதனால என்ன, என் தம்பிக்குக்கூட முடியிறக்குற வரைக்கும் சடை போட்டுப் பாவாடை கட்டினாங்க."

என் கணவர் சிவநேசன் சாப்பிட்டு முடித்துக் கைகழுவினார். பிறகு, "இது கொழந்தைக்காகவா, உனக்காகவா?" என்று கேட்டார்.

அம்பத்தூர் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர். வீட்டிலும் எதையாவது திருப்பித் திருப்பிப் பார்த்துக் கீறல் கண்டுபிடிப்பார். குழந்தை தாயின் அருகில் இருப்பது இந்த வயதில் எவ்வளவு முக்கியம் என்று விளக்கினேன். கால் மணி நேரம் விளக்கினேன். அதற்குள் தூங்கிவிட்டார்.

ஜூன் 18, செவ்வாய்

முதல் நாள். நீலச் சட்டை, கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. இப்போதுதான் பிறந்த பிள்ளைக்கு ஆறரை மாதம் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆதிரை விளக்கைப் பார்த்து அழவே இல்லை. நாக்கை நீட்டினாள். செட்டே மயங்கிவிட்டது.

சிக்கல் காட்சியில் வந்தது. வடிவு தெரியாத்தனமாகக் குழந்தையைத் தூக்குவாள், தலை எது கால் எது என்று தெரியாமல் தவிப்பாள், குழந்தை வீறிடும், குடும்பமே அலறிக்கொண்டு ஓடிவரும். ராசாத்தி வாங்கி மார்போடு அணைத்ததும் அழுகை நிற்கும். இதுதான் சீன்.

"ஆக்‌ஷன்!"

ஆதிரையை நான் எவ்வளவு தப்பாகத் தூக்க முடியுமோ அவ்வளவு தப்பாகத் தூக்கினேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்து, பெருமூச்சு ஒன்று விட்டு, தூங்கிவிட்டாள்.

"கட்! என்னம்மா இது, பிள்ள தூங்குது!"

எழுப்பி மறுபடி எடுத்தோம். இந்த முறை சிரித்தாள். அடுத்த முறை என் தாலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். வனமாலா அக்கா வாங்கியதும்தான் வீறிட்டாள். அந்த அழுகை நிற்கவே இல்லை.

ஏகாம்பரம் ஐயா பாத்திரத்துக்குள்ளிருந்தே, "ஏம்மா ராசாத்தி, ஆஸ்பத்திரில புள்ளைய மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்றார். லைட்மேன்கள்வரை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன் போல. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் என் கையில் துணி பொம்மையைக் கொடுத்து எடுத்தார்கள். பொம்மையை மிகச் சிறப்பாகக் கீழே போடப் பார்த்தேன்.

ஜூன் 21, வெள்ளி

கஜபதி சார் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஆதிரையின் குளோசப் எடுக்கும்போது நான் லென்ஸுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று கிலுகிலுப்பையை ஆட்டுகிறேன். என்னைப் பார்த்து அவள் முகமெல்லாம் சிரிக்கிறாள். அதை வனமாலா அக்கா கொஞ்சுகிற ஷாட்டோடு ஒட்டிவிட்டால், மகன் அம்மாவைப் பார்த்துச் சிரித்ததாகிவிடும். எல்லோருக்கும் எளிது.

வடிவு இருக்கும் காட்சிகளில்தான் இடைஞ்சல். ஃப்ரேமில் நான் எந்த மூலையில் நின்றாலும் ராஜபாண்டியின் பார்வை என்மேலேயே இருக்கிறது. "பெத்தவள விட்டுட்டுச் சித்தியவே பாத்தா ஆடியன்ஸ் கேள்வி கேப்பாங்கம்மா" என்றார் சார்.

ஒரே நேரத்தில் கேமராவுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்க முடியாது. அதனால் இன்று என் காட்சிகளில் இரண்டைக் குறைத்துக்கொண்டார்கள். நல்லதுதான். காலையிலிருந்து இடுப்பு வலி.

ஜூன் 27, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. யார் படிக்கப்போகிறார்கள், எழுதுகிறேன்.

காட்சி இதுதான். தொட்டிலில் குழந்தை அழுகிறது. வடிவு பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டு முறுக்கு கடிக்கிறாள். காதிலேயே விழாதவள் மாதிரி. ராசாத்தி ஓடிவந்து அவளைத் திட்டவேண்டும்.

ஆதிரை அழுதாள். நான் முறுக்கைக் கடித்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை, சத்தியமாக, ஆறு வருஷத்தில் இவ்வளவு நன்றாக நடித்ததில்லை. மார்பு கேட்கவில்லை. மஞ்சள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து வட்டம் வட்டமாகப் பரவியதை மானிட்டரில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஜபதி சார் 'கட்' என்பதைக்கூட மெதுவாகத்தான் சொன்னார்.

வனமாலா அக்கா தன் துண்டைக் கொண்டுவந்து என்மேல் போர்த்தினார். "இதுக்கெல்லாம் எந்த டைரக்டர்டி நடிப்புச் சொல்லித் தருவான்? போ கண்ணு, போய்க் குடுத்துட்டு வா. நான் வெயிட் பண்றேன்."

நல்ல மனுஷி. அவர் போடும் சென்ட்தான் எனக்குப் பிடிக்கவில்லை. என் பிடித்தம் இருக்கட்டும், குழந்தைக்கு ஆகாது. அதுபற்றி ஒரு கட்டுரை கிடைத்தது. அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன், பொதுவாக.

ஜூலை 2, செவ்வாய்

ராஜபாண்டி வரும் எபிசோட் ஒளிபரப்பானது. அத்தை விருகம்பாக்கத்துக்கே போன் செய்துவிட்டார். பெயர் வெளியே வரக்கூடாது என்று சேனல் சொல்லியிருக்கிறது, குழந்தை என்னுடையது என்று தெரிந்தால் வடிவு ஜோக் செத்துவிடுமாம். அத்தை எல்லோரிடமும், "யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றுதான் ஆரம்பித்தார்.

ஆதிரை சிரித்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. அது நான் 'காக்கா எங்கே' என்று கேட்டபோது சிரித்த சிரிப்பு. டிவியில் அடுத்த நொடி வனமாலா அக்காவின் முகம் வந்தது.

"பாரு, எப்படி ஒட்டிக்கிட்டா பாரு அவகிட்ட" என்றார் அத்தை.

ஜூலை 9, செவ்வாய்

ரேட்டிங் ஏறிவிட்டதாம். 'ராஜபாண்டி ரசிகர் மன்றம்' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் இருக்கிறது. வடிவுக்கு ஆறு வருஷத்தில் ஒரு பக்கம்கூட யாரும் தொடங்கவில்லை. சிரிப்பாக வருகிறது.

இந்த வாரம் எனக்கு ஒரு காட்சி. கதவுக்குப் பின்னாலிருந்து, "வந்துட்டேன் அத்தே!" என்று குரல்மட்டும்.

ஜூலை 12, வெள்ளி

வடிவின் அண்ணனுக்குத் துபாயில் காலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவள் பார்க்கப் போகவேண்டும்.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றார் கஜபதி சார். "நீ லென்ஸ் பக்கத்துல இருந்தாத்தான் பிள்ள நடிக்குது. ஒனக்கும் ரெஸ்ட்டாச்சு."

அதே காலிப் பெட்டி. வாசலில் நின்று குடும்பத்துக்குக் கைகாட்டினேன். ராஜபாண்டி வனமாலா அக்காவின் இடுப்பிலிருந்து எனக்கு டாட்டா காட்ட வேண்டும். காட்டினாள். ஒரே டேக். யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 18, வியாழன்

இப்போதெல்லாம் ஆதிரை அக்காவிடம் அழுவதில்லை. அவர் வளையலைக் கழற்றிக் கொடுக்கிறார், அதை வைத்து விளையாடுகிறாள். சென்ட்டை நிறுத்திவிட்டார். கட்டுரையைப் படித்தாராம், நன்றி சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் நான் தூக்கியும் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். அத்தை டிவியைப் போட்டார். தொடரின் முகப்பு இசை வந்ததும் அழுகை நின்றது. ராசாத்தி வந்ததும் இரண்டு கையையும் திரையை நோக்கி நீட்டினாள்.

இந்த வயதில் குழந்தைகள் பளிச்சென்ற எந்த வெளிச்சத்தையும் பார்க்கும். பாடத்திலேயே இருக்கிறது.

ஜூலை 24, புதன்

நான் தொடரிலிருந்து விலகிவிட்டதாக இன்று காலை தெரிந்துகொண்டேன். யூடியூப் பார்த்து.

சிவநேசனின் அலுவலக நண்பர் அனுப்பியிருந்தார். 'வடிவு விலகியது ஏன்? வெளிவராத பின்னணி!' படத்தில் நான் அழுகிறேன், வனமாலா அக்கா முறைக்கிறார், நடுவில் மின்னல் வெட்டுகிறது. ஒரு சேனலில் எனக்கும் அக்காவுக்கும் மேக்கப் அறையில் கைகலப்பு. இன்னொன்றில் எனக்குப் பெரிய பட வாய்ப்பு. மூன்றாவதைப் பார்த்த அத்தை தயங்கித் தயங்கி அடுப்படிக்கு வந்தார்.

"ஏம்மா, மறுபடியும் உண்டாயிருக்கியாமே? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

செட்டுக்குப் போனதும் நேராக மேனேஜரிடம் போனேன். "நான் விலகிட்டேனாண்ணே?"

"நீ எங்கம்மா விலகின? கத கொஞ்சம் விலகியிருக்கு."

"எப்ப திரும்ப வரும்?"

அவர் டீயை ஊதினார். "பாரும்மா, ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். பாப்பாவுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்குக் கான்ட்ராக்ட் பேசச் சொல்லி சேனல்ல சொல்லிட்டாங்க. நீ தெனம் கூட வரணும், வந்தே ஆகணும். அதே ரூம், அதே சாப்பாடு. ஒனக்கு என்ன கொற? வடிவு வேஷம்தான, அது யாரு வேணாலும் பண்ணலாம். பிள்ளைய யாரு வேணாலும் சிரிக்க வைக்க முடியுமா?"

இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது.

ஜூலை 29, திங்கள்

வதந்திகளை நிறுத்த நான் ஒரு வீடியோ போடவேண்டுமாம். பேச வேண்டியதை சேனலே எழுதி அனுப்பிவிட்டது. "என் குழந்தையோடு முழு நேரத்தையும் செலவிடவே இந்த முடிவு. அவளுடைய ஒவ்வொரு சிரிப்பையும் அருகிலிருந்து பார்க்க விரும்புகிறேன்."

மேக்கப் அறையில் உட்கார்ந்து பேசினேன். குழந்தை ஃப்ரேமில் வரக்கூடாது என்று கண்டிப்பு. அவள் ராஜபாண்டி அல்லவா. பக்கத்து அறையில் வனமாலா அக்கா மடியில் ஷாட்டில் இருந்தாள். "ஒவ்வொரு சிரிப்பையும்" என்று சொல்லும்போது அங்கிருந்து அவள் கலகலவென்று சிரித்தாள். ஆடியோவில் விழுந்துவிட்டது.

கதவைச் சாத்திவிட்டு மறுபடி எடுத்தோம்.

ஜூலை 30, செவ்வாய்

வீடியோவுக்குக் கீழே ஒரு பெண்: 'குழந்தைக்காக வேலையையே விட்ட தாய். கண்ணீர் வந்துவிட்டது சகோதரி.'

அதற்கு இதயம் போட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது சிவநேசன், "நாளைக்கு ரெண்டு பேரும் லீவு போடுங்களேன்" என்றார்.

"நான் லீவுலதான இருக்கேன்."

"அப்ப காலைல ஆறு மணிக்கு எங்க கெளம்புற?"

"ஆதிரைய யாரு பாத்துக்கறது? அவள அங்க தனியா விட முடியுமா?"

"அவள அங்க யாரு போகச் சொன்னா?"

குழந்தைக்கு இவ்வளவு பேர் அன்பு காட்டுகிறார்கள், ஒரு திறமை இருக்கிறது, அதைத் தடுப்பது சரியா என்று கேட்டேன். எட்டு மாதக் குழந்தைக்கு என்ன திறமை என்று கேட்டார். சிரிப்பதெல்லாம் திறமையா என்று கேட்டார். இவர் டிவியே பார்ப்பதில்லை, இவருக்கு என்ன தெரியும்.

எழுந்துபோய் ஆதிரையைத் தொட்டிலில் பார்த்தேன். நீலச் சட்டையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். மாற்ற மறந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இன்று வடிவு துபாயிலிருந்து திரும்பி வந்தாள். வேறு முகத்தோடு. மிருதுளா என்று ஒரு பெண், கல்லூரியை இந்த வருஷம்தான் முடித்திருக்கிறாள். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டை போட்டால் நேயர்கள் ஏற்றுக்கொள்வார்கள், எப்போதும் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் வந்து என் காலைத் தொட்டாள். "அக்கா, எனக்குக் கொழந்தைய தூக்கவே தெரியாதுக்கா, பயமா இருக்கு."

"அதுதான் வேணும் இவங்களுக்கு" என்றேன்.

முதல் நாள் பொம்மையை வைத்துச் சமாளித்த அதே காட்சியைக் கஜபதி சார் புதிதாக வைத்திருந்தார். துபாயிலிருந்து வந்த வடிவு ராஜபாண்டியைத் தூக்குகிறாள். நான் என் இடத்தில், லென்ஸுக்குப் பக்கத்தில், கிலுகிலுப்பையோடு குனிந்து நின்றேன்.

"ஆக்‌ஷன்!"

மிருதுளா தூக்கினாள். நிஜமாகவே தெரியாது அவளுக்கு. ஆதிரையின் சட்டை கழுத்துவரை சுருண்டு ஏறியது, கால்கள் காற்றில் உதைத்தன. வீறிட்டாள். முகம் செக்கச்சிவந்து, மூச்சு இழுத்து, அடுத்த அழுகைக்கு ஒரு கணம் சத்தமே இல்லாமல் வாய் மட்டும் திறந்திருக்குமே, அந்த அழுகை. குடும்பம் மொத்தமும் ஓடிவந்தது. எல்லாம் கச்சிதம். ஆறு வருஷமாக அந்த ஜோக் காத்திருந்த காட்சி.

நான் சாரைப் பார்த்தேன். அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினார். "விடு, விடு. சூப்பரா வருது. ஓடட்டும்."

ஆதிரை கையை நீட்டினாள். லென்ஸ் இருந்த பக்கம் இல்லை. அவ்வளவு வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது நான் அவளுக்குத் தெரிந்திருக்கமாட்டேன். வனமாலா அக்கா நின்ற பக்கம் நீட்டினாள். அக்காவும் இரண்டடி முன்னால் வந்து கையை விரித்தார். இன்னும் ஒரு நொடியில் வாங்கியிருப்பார், வாங்கியதும் அழுகை நின்றிருக்கும், காட்சி முடிந்திருக்கும்.

குழந்தை அப்படி அழும்போது எந்தத் தாயும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டாள். அதனால்தான் போனேன்.

கேபிளைத் தாண்டி ஃப்ரேமுக்குள் நுழைந்து, அக்காவின் கைக்கு முன்னால் என் கையை நீட்டி மிருதுளாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன். யாரும் 'கட்' சொல்லவில்லை. எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஏகாம்பரம் ஐயா மட்டும் நிற்கவில்லை. என்னையும் மிருதுளாவையும் மாறி மாறிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினார்.

"அடடே! போகும்போது ஒரு வடிவுதானடா போனா? துபாய்க்காரன் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு அனுப்பிட்டானா?"

மிருதுளா பக்கென்று சிரித்துவிட்டாள். கேமராக்காரரின் தோள் குலுங்கியது. கஜபதி சார்கூடச் சிரித்துவிட்டுத்தான், "கட்! கட்! யம்மா சுபா, என்ன பண்ற நீ?" என்று கத்தினார்.

"பிள்ள அழுவுது சார்."

"அழத்தானம்மா எடுக்கறோம்!"

ஆதிரை என் தோளில் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "குடுடி, நான் ஒரு நிமிஷம் வச்சிருக்கேன். ஒடனே நிறுத்திடுவா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"வேணாங்க்கா. என்கிட்டயே அழட்டும்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேனேஜர் அண்ணன் தெருமுனைவரை பின்னாலேயே வந்தார். முதலில், "நீ கோவத்துல இருக்க" என்றார். பிறகு, "பிள்ளையோட எதிர்காலம்மா" என்றார். ஆட்டோ கிளம்பும்போது, "கன்டினியுட்டிம்மா, அடுத்த ஷாட்டுக்கும் அதே சட்டதான், சட்டையாவது குடுத்துட்டுப் போ!" என்றார்.

சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வளசரவாக்கம் தாண்டும்வரை அழுதாள். அப்புறம் தூங்கிவிட்டாள். என் தோளில்தான் தூங்கினாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கஜபதி சார் போன் செய்தார். கோபமே இல்லை, குஷியாக இருந்தார்.

"அந்த ரெண்டு வடிவு மேட்டர் சேனலுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சும்மா. எது நெஜ வடிவுன்னு ஒரு மாசம் ஓட்டலாம். ஒனக்குப் பழைய மாதிரி ஃபுல் ரோல். பிள்ளையோட வந்துரு."

எழுந்து நின்றுவிட்டேன். முழு ரோல்.

"நான் வரேன் சார். ஆதிரை வேணாம். அவ வீட்ல அத்தைகிட்ட இருக்கட்டும்."

அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ கேட்டார்.

"நீ மட்டும்னா வேணாம்மா" என்றார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எனக்குப் பதில் மிருதுளா வந்தபோது எபிசோடுக்குக் கீழே இருபது பேர்கூடக் கருத்து எழுதவில்லை. ராஜபாண்டிக்குப் பதில் வேறு ராஜபாண்டி வந்ததற்கு நாடே கொந்தளிக்கிறது. அட்டையில் ஆதிரையின் படத்தையும் அந்தப் புதுக் குழந்தையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அத்தை அதைப் பார்த்து வாய்விட்டு அழுதார். பேத்தி மடியில்தான் இருந்தாள்.

இருந்தாலும் எட்டரை ஆனால் அத்தை டிவி முன்னால் ஆஜர். "புதுசும் பரவால்ல. நல்லா அழுவுது."

செப்டம்பர் 4, புதன்

எத்தனையோ வேலை இருக்கிறது. ஒரு பள்ளியில் ஆலோசகர் வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், சான்றிதழ்களைத் தேடவேண்டும். ஆதிரைக்குக் கேழ்வரகு ஊறவைக்கவேண்டும். உட்கார்ந்து யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'குட்டி ராஜபாண்டி விலகியது ஏன்?' இந்த முறையும் மின்னல். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றான் வீடியோவில் பேசுகிறவன். பொய், ஒரு தும்மல்கூட இல்லை. சம்பளத் தகராறு என்றான். அதுவும் பொய். வேறு சேனல் இழுத்துவிட்டது என்றான். இவர்களெல்லாம் எந்தச் செட்டில் நின்று பார்த்தார்கள்? உட்கார்ந்த இடத்திலிருந்து இட்டுக்கட்டுகிறார்கள், அதைக் கேட்க லட்சம் பேர்.

பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா உண்மையான காரணம் வேற நேயர்களே. ஒரு தாய் மனசு... இன்னொருத்தங்க மடியில தன் குழந்தை..."

அந்த நேரம் பார்த்து உள்ளே ஆதிரை அழுவதுபோல் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று எழுப்பித் தூக்கிக்கொண்டேன்.